கண்ணை மூடிக் கை தூக்கிய பிள்ளைகள்

என் தங்கச்சியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவள் என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நல்லவள் என்ற பேர் ஒருத்தியை என்ன பாடு படுத்தும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். மற்றவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு நாக்கு நீளம் போதாது.

எங்கள் அம்மாவுக்கு நான் முதல், அவள் கடைசி. அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. சலவைக் கம்பெனியில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போட்டேன். அந்தச் சூட்டில்தான் அவள் படித்தாள். சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், சொல்லிக் காட்டத்தான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் அவள் என்னைக் கூட்டிவந்து சமையலறையை ஒட்டிய அறையில் வைத்துக்கொண்டாள். இதுவரை ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை. வருகிறவர்கள் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பாள். "குத்துனதே தெரியலைம்மா" என்று கிழவர்கள் எல்லாம் அவளைத் தேடி வருவார்கள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குவார். வீட்டில் ஒரு பேச்சு கிளம்பினால் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடுவார். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். ஒரே மகள். அவளுக்குக் குரல் எலிக் குஞ்சு மாதிரி. நான் வைத்த பேர் கீச்சு. பத்தாவது வகுப்புக்கு வந்தும் அந்தப் பேர் போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் தங்கச்சிக்குக் கால் வீட்டில் தங்காது. நூலகத்துக்கு மேல்மாடியில் ஒரு ஹால். பெண்பிள்ளைகளுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கிற சங்கம் ஒன்று அங்கே கூடும். சம்பளம் கிடையாது. சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய், பதினோரு வருஷமாக ஊரார் பெற்ற பிள்ளைகளுக்கு அக்காவாக இருந்தாள். வீட்டில் சும்மா இருக்கிறேனே என்று நானும் கூடப் போவேன். பின்பக்க மேசையில் ரொட்டி வெட்டி ஜாம் தடவி வைப்பது என் வேலை.

அங்கே நடப்பதே வேறு மாதிரி. பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்காருவார்கள். பெரியவர்கள் சுவரோரம் நாற்காலியில். கூட்டத்தை நடத்துவது பிள்ளைகள். அவர்கள் கேட்டால் தவிரப் பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

"வாயை மூடிட்டு உக்கார்றதுக்கு எதுக்குடி பெரியவங்க?" என்று முதல்நாளே கேட்டேன்.

"அதுதாங்க்கா ரொம்பக் கஷ்டம். நீ ஒரு நாள் இருந்து பாரு."

"எனக்கு எதுக்கு அந்தத் தண்டனை?"

உண்மையிலேயே அவளுக்குக் கைவந்த வேலை அது. யாரோடும் பேசாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த தையல்காரர் மகளை ஒரே வருஷத்தில் எழுந்து நின்று பேச வைத்தாள். அதட்டவில்லை, கெஞ்சவில்லை. வாராவாரம் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். ஹாலே காத்திருக்கும். எனக்குத்தான் பொறுக்காது, ரொட்டிக் கத்தியைச் சத்தமாக வைப்பேன். ஒருநாள் அந்தப் பெண் வாய் திறந்தது. பிறகு மூடவேயில்லை.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. பெரியவர்கள் எல்லாருமே பிள்ளைகளுக்கு அக்காதான். பெற்ற மகளாக இருந்தாலும் ஹாலுக்குள் வந்துவிட்டால் அம்மா என்று கூப்பிடக் கூடாது. கீச்சும் தன் அம்மாவை அக்கா என்றே கூப்பிடும். நானும் தங்கச்சியும் பேசும்போது இது குறுக்கே வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். "ஏண்டி, அப்ப நான் உனக்குத் தங்கச்சியா?" என்று கேட்பேன்.

வருஷத்துக்கு ஒருமுறை அணித்தலைவியைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவிதான் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் கூடுகிற பத்துநாள் முகாமுக்குப் போவாள். முந்தின முறை, அங்கே அக்காவாக இருந்த வங்கிக்காரியின் மகள் ஜெயித்தாள். உடனே முணுமுணுப்பு. அம்மா அக்காவாக இருந்தால் மகள் தலைவியாகாமல் என்ன செய்வாள் என்று பெற்றவர்கள் பேசினார்கள். இரண்டு மூன்று பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியது யார் என்கிறீர்கள்? என் தங்கச்சிதான். "நம்ம பிள்ளைங்களுக்கு நாமே பந்தி வச்சிக்கலாமா?" என்று கூட்டத்தில் கேட்டாள். வங்கிக்காரி அழுதுகொண்டே போனவள் திரும்பி வரவில்லை.

கீச்சுக்குத் தலைவி ஆக வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். துணி துவைக்கிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகும். "இன்னும் சத்தமாடி, சுவத்துக்கே கேக்கலை" என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் விளக்கில்லாத சந்து ஒன்று இருக்கிறது. அந்தச் சந்துக்கு விளக்குப் போட வைப்பதுதான் அதன் திட்டம். நகராட்சிக்கு இரண்டு முறை போய் அங்கிருந்தவரின் எரிச்சலைச் சம்பாதித்துக்கொண்டு வந்தது. அது பேசினால் பிள்ளைகள் கேட்டார்கள். எலிக் குரல்தான், ஆனால் ஹாலில் மூச்சுச் சத்தம் இருக்காது.

தேர்தல் எப்படி என்றால், பிள்ளைகள் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பேரைச் சொன்னதும் வேண்டியவர்கள் கையைத் தூக்க வேண்டும். தோழிக்குப் பயந்தோ எதிரிக்குப் பயந்தோ யாரும் கை தூக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. வழக்கமாகப் பெரியவர்கள் இரண்டு பேர் நின்று எண்ணுவார்கள். இந்த முறை வங்கிக்காரி இல்லை. சங்கத்தின் தலைவி ஒரு பல் டாக்டரம்மா. யாருக்கோ பல் வீங்கிவிட்டது என்று போன் வர, அவள் படிக்கட்டுக்குப் போய்விட்டாள். மற்ற அக்காக்கள் யாரும் அன்று வரவில்லை, எண்ணியது என் தங்கச்சி ஒருத்திதான்.

என்னை யாரும் கண்ணை மூடச் சொல்லவில்லை. ரொட்டி வெட்டுகிறவளைக் கண்ணை மூடச் சொல்வார்களா?

முதலில் பேக்கரிக்காரர் மகள் பேர். முன்பக்கம் நாலைந்து கை எழுந்தது. அப்புறம் கீச்சின் பேர். எண்ணவே வேண்டாம், பார்த்தாலே தெரிந்தது. வட்டத்தில் கை தூக்காதவளைத்தான் தேட வேண்டியிருந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோய்க் கத்தியைக் கீழே வைத்தேன். தங்கச்சி அத்தனை கையையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கையை இறக்குங்க. கண்ணைத் திறங்க" என்றாள். பிறகு பேக்கரிக்காரர் மகள் பேரைச் சொன்னாள்.

அந்தப் பெண்ணே நம்பவில்லை. "நானா?" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். கீச்சும் தட்டியது. ஊசி போடுகிற மாதிரிதான், என் தங்கச்சி மெதுவாகக் குத்தினாள். எங்கே குத்தினாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

படிக்கட்டில் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"மெதுவா பேசுக்கா."

"எதுக்கு மெதுவா? அத்தனை கை எழுந்துச்சே, எங்கே வச்சே அதை எல்லாம்?"

"என்னை என்ன பண்ணச் சொல்றே? வங்கிக்காரியை நான் என்ன பேச்சுப் பேசினேன்! இப்ப நான் தனியா எண்ணி, என் பொண்ணு ஜெயிச்சான்னு நானே சொன்னா ஊரு சிரிக்காதா?"

"ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகுது. அந்த டாக்டரம்மாவை உள்ளே கூப்பிட்டு மறுபடி எண்ணச் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் முகம் வெளிறிப் போனது. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வருஷமாக நேர்மை நேர்மை என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு நேராக ஒன்றைச் செய்யத் தோன்றவில்லை.

"அவகிட்ட நானே சொல்றேன். எனக்குக் கொஞ்சம் டயம் குடு. நீ சொல்லிடாதே, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"என் காலை விடு. புள்ளையைப் பிடிச்சு உக்கார வச்சுச் சொல்லு. அடுத்த சனிக்கிழமைக்குள்ள சொல்லலை, நான் சொல்லிடுவேன்."

பெற்றவள் அவள், சொல்ல வேண்டியவளும் அவள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஒரு வாரத்துக்குள் என்ன ஆனது தெரியுமா? கீச்சு அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிடும்போது ஒருநாள் தட்டைப் பார்த்தபடியே கேட்டது.

"பெரியம்மா, எதிர்ல நிக்கும்போது நல்லா பேசிட்டு, கண்ணை மூடினதும் மாத்திப்பாங்களா?"

தங்கச்சி பக்கத்தில்தான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கரண்டியைப் பார்த்தாள். மெக்கானிக் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கண்ணை மூடியிருந்ததால் யார் கை தூக்கினார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. "நான் உனக்குத்தான் தூக்கினேன்" என்று தோழி ஒருத்தி சொன்னாள். கீச்சு நம்பியது. அடுத்தவளும் அதையே சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. எல்லாரும் தூக்கியிருந்தால் எப்படித் தோற்றிருக்கும்? ஆக, எல்லாருமே பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டது. ஒவ்வொருத்தியாகச் சண்டை போட்டு வெட்டிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது. கடைசியாகத் தையல்காரர் மகள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"பெரியம்மா, சத்தியமா நான் தூக்கினேன். என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டா. இனிமே பேசாதேன்னு சொல்லிட்டா."

கீச்சு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டது. தங்கச்சி கூடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "கொஞ்ச நாள்ல சரியாயிடும்மா."

அவள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "சரியாயிடுமா? எப்படிடி சரியாகும்? நீ அணைச்ச விளக்கு தானா எரியுமா?"

"முகாம் முடியட்டும்க்கா. முடிஞ்சதும் சொல்லிடறேன். இப்ப சொன்னா எல்லாம் நாறிப் போயிடும்."

"நாறிப் போச்சு. உனக்குத்தான் மூக்கு அடைச்சிருக்கு."

தையல்காரர் மகள் சும்மா இருக்கவில்லை. என் தங்கச்சி திறந்துவிட்ட வாயல்லவா! ஹாலுக்கு வருகிற பிள்ளைகள் ஒவ்வொருத்தியையும் தனியாகப் பிடித்து, யாருக்குக் கை தூக்கினாய் என்று கேட்டிருக்கிறாள். பேக்கரிக்காரர் மகளையும் விடவில்லை. அந்தப் பெண்ணும் நல்ல பெண். "நானே அவளுக்குத்தான் தூக்கினேன்" என்று சொன்னாளாம்.

சனிக்கிழமை வந்தது. அன்று டாக்டரம்மாவும் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீச்சு எழுந்து நின்றது. அதன் பக்கத்தில் தையல்காரர் மகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா, ஒரு கேள்வி."

பிள்ளை நின்று கேட்டால் பதில் சொல்கிற பெரியவரும் நிற்க வேண்டும், பதில் முடிகிறவரை உட்காரக் கூடாது. அங்கே அப்படி ஒரு சட்டம். போட்டதே என் தங்கச்சிதான். எழுந்தாள்.

"போன வாரம் எனக்கு எத்தனை கை?"

"அது முடிஞ்சு போன விஷயம்மா."

"எத்தனை கை, அக்கா?"

"கம்மியாத்தான் இருந்துச்சு."

குரல் அப்படியே இருந்தது, கைதான் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கீச்சு திரும்பி வட்டத்தைப் பார்த்தது. "கண்ணைத் திறந்துக்கிட்டே தூக்குங்க. போன வாரம் யார் யார் எனக்குத் தூக்கினீங்களோ அவங்க மட்டும்."

அன்று எழுந்த கைகள் எல்லாம் எழுந்தன. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டாள். அத்துடன் ஒத்துக்கொண்டிருந்தால்கூட மானம் மிஞ்சியிருக்கும். வாய் தவறிவிட்டது, பயந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். என் தங்கச்சி என்ன சொன்னாள் என்கிறீர்கள்?

"இப்ப தூக்கறீங்க. அன்னிக்குத் தூக்கலை. ஃப்ரெண்டுக்காகப் பொய் சொல்றது தலைமை இல்லைம்மா."

பேச வாயே வராமல் இருந்து அவளால் பேசக் கற்றுக்கொண்ட பிள்ளைகள். அவர்களைப் பார்த்துப் பொய்க்காரிகள் என்றாள். தையல்காரர் மகளின் கை மேலேயே நின்றது.

எனக்கு அங்கே பேச உரிமை இல்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. "புள்ளைங்க பொய் சொல்லலை" என்றேன். "நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னிக்கும் இதே கை, இதே புள்ளைங்க. கையை இறக்கும்மா, வலிக்கப் போகுது."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

பல் டாக்டரம்மா அவளை வெளியே கூட்டிப் போனாள். திரும்பி வந்தது டாக்டரம்மா மட்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள். இவ்வளவு தைரியமாகக் கேட்டதுதான் தலைமைப் பண்பு என்றாள், இந்த அணியை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்றாள். ஆனால் முகாமுக்குப் பேர் போய்விட்டதாம், இனி மாற்றினால் சங்கத்துக்குக் கெட்ட பேராம். எல்லாரும் ஒரு கை தட்டலாம் என்று அவளே ஆரம்பித்தாள். யாரும் தட்டவில்லை. பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சை வைத்து அமுக்குகிற வேலை அவளுக்குப் பழக்கம்தானே.

பேக்கரிக்காரர் மகள் எழுந்தாள். "அவளே போகட்டும். நான் விட்டுக் குடுத்துடறேன்."

"எனக்கு விழுந்ததை எனக்கு நீ எப்படி விட்டுக் குடுப்பே?" என்றது கீச்சு. "உன்மேல தப்பில்லை. நீயே போ. ஆனா அந்தச் சந்து விளக்கைப் பத்தி அங்கே பேசு."

அன்று குரல் கீச்சென்று இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இருவரும் கூடத்தில் நின்றார்கள். மெக்கானிக் வழக்கம்போல் நடுமாடி.

"உன்னைப் பத்தி யாரும் தப்பா பேசிடக் கூடாதுன்னுதான்டி செஞ்சேன்" என்றாள் தங்கச்சி.

"என்னைப் பத்தி இல்லை. உன்னைப் பத்தி."

"அம்மா எதைச் செஞ்சாலும் உன் நல்லதுக்குத்தான்."

"என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பொய்யின்னு நான் சொல்லிக்கிட்டிருந்தேன். நீ எனக்குத் தலை பின்னிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தே. ஒரு நாள்கூட உன் கை நிக்கலை."

தங்கச்சி வாய் திறந்தாள். கீச்சு காத்திருந்தது. ஹாலில் தங்கச்சி காத்திருப்பாளே, அதே மாதிரி அவசரப்படுத்தாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நானும் காத்திருந்தேன். ஒரு வார்த்தை, பயந்துட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை. வரவில்லை. "நீயும் ஒரு நாள் அம்மா ஆவே, அப்ப தெரியும்" என்றாள். கீச்சு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

சங்கத்தில் அவளைக் கொஞ்சநாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வங்கிக்காரிக்குச் செய்தி போய்விட்டது. அடுத்த தெருவில் எதிரே வந்தவள் நின்று நலம் விசாரித்தாளாம். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நலம் விசாரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

கீச்சு இன்னும் போகிறது. தையல்காரர் மகள் வந்து கூப்பிட, இரண்டும் சேர்ந்து போகும். மற்ற தோழிகளில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. பொய்க்காரி என்று சொன்ன வார்த்தையை விழுங்க எல்லாராலும் முடியுமா? நானும் ரொட்டி வெட்டப் போவதை நிறுத்திவிட்டேன்.

போன சனிக்கிழமை கீச்சு தலை சீவிக்கொண்டிருந்தது. இப்போது தானேதான் பின்னிக்கொள்கிறது, வகிடு கோணலாக வருகிறது. தங்கச்சி சீப்பை வாங்கக் கையை நீட்டினாள். கொடுக்கவில்லை.

"இன்னிக்கு என்ன பேசப் போறீங்க?" என்று கேட்டாள் தங்கச்சி.

"அதை வெளியாளுங்ககிட்ட சொல்றதில்லை."

மரியாதையாகத்தான் சொன்னது. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனது.

தங்கச்சி சோபாவில் உட்கார்ந்தாள். ஊரார் பிள்ளைகள் எல்லாம் எப்போது வாய் திறப்பார்கள் என்று தெரிந்தவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அவ எங்கிட்ட பேசுவாளாக்கா?"

"பேசிட்டுத்தானே இருக்கா."

"நான் அதைக் கேக்கலை."

"தெரியுது. நீ அவகிட்ட கேக்க வேண்டியதை எங்கிட்ட கேக்கறே."

"நீ அன்னிக்கு வாயை மூடியிருந்தா..."

"மறுபடி அந்த ஹால்ல நிக்க வச்சாலும் அதையேதான் சொல்வேன்" என்றேன்.

அவள் எழுந்து போய்க் குழாயடியில் துணி துவைக்க உட்கார்ந்தாள். துவைத்த துணியையே திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்த் தடுக்கவில்லை.